பென்சிலால் எழுதின பட்டியல்

பல் டொக்டரின்ரை சந்திப்புப் புத்தகத்திலை
டிசம்பர் முப்பத்தொண்டுக்குப் பிறகு
நாலு வெறும் பக்கம் மிஞ்சும்.
பேர், பல்லு, நேரம் எண்டு
மேலை அச்சடிச்ச கட்டங்களை வெட்டிப்போட்டு
நடுவிலை ஒரு கோடு கீறுவன்.
இடப்பக்கம்: குடுப்பினம்.
வலப்பக்கம்: குடுக்கவேணும்.
ரெண்டு பக்கமும் ஒரே பேர் வந்தது
பத்து வருசத்திலை ரெண்டு தரம்.

பந்தயம் யூட் நிக்சனோடை.
பின்னறையிலை பொய்ப்பல்லு செய்யிறவன், குருநகர்.
தியேட்டருக்கு வரமாட்டான்,
எல்லாப் படமும் பாத்திருப்பான்,
எப்பிடியெண்டு நான் கேக்கிறேல்லை.
தோக்கிறவர் ஆட்டுக் கொத்து, முட்டை கூடப் போட்டு.

சிறந்த படம்.
குடுப்பினம், அரிவாள் படத்துக்கு.
மூண்டு மணித்தியாலம், நாப்பது பிணம்,
ஒருத்தருக்கும் செத்தவீடு இல்லை.
குடுக்கவேணும், லிஃப்ட் திருத்துறவன்ரை கதைக்கு.
மாட்டினியிலை நான், ஒரு புதுச்சோடி,
ஏசிக்கு வந்து நித்திரையான ரெண்டு வங்கிப் பெடியள்.
வெள்ளி வந்தது,
திங்கள் கஸ்தூரியார் வீதியிலை
அந்தப் போஸ்டருக்கு மேலை ரியூசன் விளம்பரம்.

சிறந்த ஒலிக்கு நான் படம் ஒண்டும் எழுதேல்லை.
ஐப்பசி மழையிலை கரண்ட் நிண்டு
ஜெனரேற்றர் பிடிக்கிறதுக்கு இடையிலை
முந்நூறு பேர் இருட்டிலை இருந்த சத்தம்.
ஒரு குழந்தை 'முடிஞ்சுதோ' எண்டு கேட்டது.
ஆரோ 'இன்னும் இல்லையடா' எண்டினம்.
அது செல்லாது எண்டான் நிக்சன்.
என்ரை புத்தகம், செல்லும்.

சிறந்த நடிகர்.
இது கொஞ்சம் நீளம், பொறுக்கோணும்.
எங்கடை ஆளா வந்தவருக்குத்தான் குடுப்பினம்.
இருபது கிலோ இறக்கினவராம்,
எங்கடை தமிழுக்கு ஆறு மாசம் ஆள் வைச்சுப் படிச்சவராம்,
பேட்டியிலை அழுதவர்.
படத்திலை வாய் திறந்ததும்
பல்கனியிலை ஒரு இருமல்,
பிறகு தியேட்டர் முழுக்கச் சிரிப்பு.
ஒவ்வொரு வசனத்தின்ரை வாலிலையும்
ஒரு 'கண்டியளோ' கட்டி விட்டிருந்தினம்.
குண்டு பட்டுச் சாகேக்கையும் கண்டியளோ.

எனக்குக் கோவமில்லை.
பதினெட்டு வருசமா டொக்டருக்கு லைட் பிடிக்கிறன்.
முளைச்ச பல்லு எது, வைச்ச பல்லு எது எண்டு
ரோட்டுக்கு அங்காலை நிண்டே சொல்லுவன்.
வைச்ச பல்லாலையும் சாப்பிடலாம்.

ஆனால் அதே படத்திலை
முகாமிலை அரிசிக்கு நிக்கிற வரிசை,
மேசைக்கு அங்காலை ஒரு அதிகாரி,
'கூட யாரும் வரலையா?'
ஒரு மனிசி, பச்சைச் சீலை,
'ஓம்.'
அவ்வளவுதான். கமரா நகந்திட்டுது.
அந்தச் சொல்லு வெளியிலை வரேல்லை,
மூச்சோடை உள்ளுக்குப் போனது.
ஒருத்தரும் சிரிக்கேல்லை.

பேர் பாக்க இருந்தனான்.
பாதியிலை லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்திட்டினம்.
செவ்வாய்க்கிழமை திரும்பவும் ரிக்கெற் எடுத்து
ஒப்பறேற்றர் பரராசாவைக் கெஞ்சிக்
கடைசி எழுத்துமட்டும் ஓடவிட்டனான்.
சாப்பாடு போட்ட ஆள், கார் ஓடின ஆள்,
நாயைப் பழக்கின ஆள், எல்லாருக்கும் பேர்.
பிறகு ஒரு வரி:
முகாம் மக்களுக்கு நன்றி.

சிறந்த துணை நடிகை,
குடுக்கவேணும் எண்ட பக்கத்திலை
ஒரு கோடு மட்டும் போட்டு விட்டனான்.

ஞாயிறு இரவு ரீவியிலை எல்லாம் நான் சொன்னபடிதான்.
அரிவாள் படம். எங்கடை ஆளா வந்தவர்.
மேடையிலை நிண்டு, கையிலை சிலையோடை,
கடைசியா ஒரு கண்டியளோ.
எனக்குக் கொத்து.

திங்கள் காலமை புத்தகத்தைப் புரட்டின நிக்சன்
வெறுங்கோட்டிலை விரல் வைச்சான்.
ஆரிது?
பச்சைச் சீலை, எண்டன்.
ஒண்டும் பேசாமல் பின்னறைக்குப் போனான்.
மெழுகு உருக்கிற மணம் வந்தது.
பத்து மணிக்கு முதல் ஆள் வந்து,
கொடுப்புப்பல்லுக் கழட்டி,
பஞ்சைக் கடிச்சுக்கொண்டு போனபிறகு
கை துடைச்சபடி வந்து
என்ரை பென்சிலை எடுத்தான்.

பேருக்கு நேரை ஒண்டும் எழுதேல்லை.
நான் வெட்டின கட்டத்திலை, பல்லுக்கு நேரை:
கீழ், இடப்பக்கம், மூண்டு இல்லை.

'ஓ எண்டு திறக்கேக்கை
பாத்தனான்' எண்டான்.